மாலை நாலரைக்குப் பிறகு பள்ளி மைதானம்

மாலை நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் கேட்டைப் பூட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு மைதானம், ஒரு கூடைப்பந்துக் கம்பம், நிழலுக்கு நாலு வேப்பமரம், பீரோ நிறையப் புத்தகங்கள். அதே பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் வெளியே தெருவில் செங்கல்லை அடுக்கி ஸ்டம்பு வைத்து, பைக் வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி நிறுத்தி விளையாடுகிறார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அப்படிப் பார்த்தால் மீதி 145 நாளும், பள்ளி நடக்கிற நாட்களின் மாலைகளும் அந்த இடம் சும்மா கிடக்கிறது. அரசுப் பள்ளி என்றால் மண்ணும் சுவரும் நம் வரிப்பணம்.

பூட்டுகிறவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காலையில் ஒரு ஜன்னல் கண்ணாடி உடைந்து கிடந்தால் பதில் சொல்ல வேண்டியவர் தலைமையாசிரியர். கழிப்பறைக் குழாய் போனால் பணம் கேட்டு மேலே எழுத வேண்டியவரும் அவர்தான். ஊருக்குத் திறந்துவிட்டதற்காக அவருக்குக் கூடுதலாக ஓர் ஆளோ ஒரு ரூபாயோ வருவதில்லை. இந்த நிலையில் யாராக இருந்தாலும் பூட்டத்தான் செய்வார்கள். பள்ளியின் மைதானமும் நூலகமும் ஊராருக்கு நிலையாகத் திறந்திருக்கும் இடங்களைப் பார்த்தால், அங்கே இந்த நிலையைத்தான் முதலில் மாற்றியிருக்கிறார்கள். செலவு யாருடையது, அடிபட்டால் யார் பொறுப்பு, சாவி யாரிடம் இருக்கும் என்பதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருக்கிறார்கள்.

செலவிலிருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரோசெஸ்டர் நகரம் 1907ல் தன் பள்ளிக் கட்டடங்களை மாலையில் மக்களுக்குத் திறந்தது. பொறுப்பேற்று நடத்தியவர் எட்வர்ட் வார்ட். உடற்பயிற்சி, நூலகம், சொற்பொழிவு எல்லாம் இருந்தன. கூடவே பெரியவர்களின் விவாத மன்றங்களும் வளர்ந்தன. நகர நிர்வாகம் எப்படி நடக்கிறது, வரிப்பணம் எங்கே போகிறது என்று ஜனங்கள் பள்ளிக்கூட அறையில் உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். நகரத்தை ஆண்ட கட்சிக்காரர்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆண்டுதோறும் நகராட்சி ஒதுக்கும் பணத்தில்தான் அந்த மன்றங்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒதுக்கீட்டை வெட்டினார்கள், ஓரிரு ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது.

வார்ட் அங்கிருந்து விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்த மாநிலம் 1911ல் ஒரு சட்டம் போட்டது. பள்ளிகளை நடத்தும் வாரியமே மாலை நேர விளையாட்டுக்கும் பெரியவர்களின் கல்விக்குமாகத் தனியே ஒரு சிறு வரி விதித்துக்கொள்ளலாம் என்றது அச்சட்டம். மில்வாக்கி நகர மக்கள் 1912ல் வாக்களித்து அந்த வரியை ஏற்றுக்கொண்டார்கள். ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. பகலில் பிள்ளைகள் படித்த அதே வகுப்பறையில் இரவில் அப்பா ஆங்கிலம் படித்தார், அம்மா தையல் கற்றார், அண்ணன் பக்கத்து ஹாலில் கூடைப்பந்து ஆடினார். 1920 முதல் 1948 வரை இதற்குத் தலைமை வகித்தவர் டாரதி எண்டரிஸ் என்ற முன்னாள் ஆசிரியை. இரவிலும் விளக்கெரியும் பள்ளிகளின் நகரம் என்று மில்வாக்கிக்குப் பெயரே வந்தது. பொருளாதார மந்தம், உலகப் போர் எல்லாம் வந்து போயின. மில்வாக்கியின் பொழுதுபோக்குத் துறை இன்றும் அந்நகரப் பள்ளி நிர்வாகத்தின் ஒரு பிரிவாகவே இயங்குகிறது.

இரண்டு ஊர்களிலும் ஆர்வம் ஒன்றுதான், காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ரோசெஸ்டரில் பணம் ஆண்டுக்கு ஆண்டு அரசியல்வாதியின் கையைப் பார்த்து நின்றது. மில்வாக்கியில் அது சட்டப்படி தானாக வந்தது. இந்த விஷயத்தில் இதைவிட முக்கியமான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்தது, அடிபட்டால் யார் பொறுப்பு என்பது. பள்ளிகள் பெரும்பாலும் இந்தப் பயத்தினால்தான் பூட்டுகின்றன. கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு தெளிவான கோடு போட்டிருக்கிறது. அங்கே ஒவ்வொரு பொதுப் பள்ளி வளாகமும் அந்தப் பகுதி மக்களின் பொதுக்கூடமும் ஆகும் என்று 1910களிலிருந்தே சட்டம் இருக்கிறது. கல்விக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தில் ஊர்ச் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் கேட்டால் பள்ளி தர வேண்டும். விளக்கு, துப்புரவு, ஆள் கூலி என்று நேரடியாக ஆகும் செலவை வாங்கிக்கொள்ளலாம். விபத்துக்கும் பதில் எழுதியிருக்கிறார்கள். கட்டடத்தையோ மைதானத்தையோ பராமரிப்பதில் நடந்த அலட்சியத்தால் காயம் என்றால் பள்ளி நிர்வாகம் பொறுப்பு. பயன்படுத்திய குழுவின் அலட்சியத்தால் காயம் என்றால் அந்தக் குழு பொறுப்பு. துருப்பிடித்த கோல் கம்பம் ஒரு பையன் மேல் சாய்ந்தால் பள்ளி பதில் சொல்லும். பயிற்சியாளர் பிள்ளைகளைத் தனியே விட்டுவிட்டுப் போய் அதனால் ஒன்று நேர்ந்தால் அவருடைய சங்கம் பதில் சொல்லும். இரு தரப்பும் அதற்கேற்பக் காப்பீடு எடுத்துக்கொள்கின்றன. கோடு எங்கே என்று தெரிந்துவிட்டால் தலைமையாசிரியருக்குப் பயம் பாதி குறைந்துவிடும்.

சாவி விஷயத்துக்கு சட்டத்தைவிட கொத்தனார்தான் அதிகம் உதவுவார். சிங்கப்பூர் சிறிய தீவு. புதிய மைதானத்துக்கு அங்கே நிலம் கிடைப்பது அரிது. அதனால் கல்வி அமைச்சும் விளையாட்டுத் துறையும் சேர்ந்து பள்ளித் திடல்களையும் உள்விளையாட்டு அரங்குகளையும் பொதுமக்களுக்குத் திறக்கும் திட்டத்தை நடத்துகின்றன. திடலில் போய் ஓடலாம், பந்தாடலாம், கட்டணமில்லை. பூப்பந்து அரங்கு என்றால் முன்பதிவு செய்து கட்டணம் கட்ட வேண்டும். இந்தமாதிரி இடங்களில் திடலுக்குத் தனி வாசல் இருந்து, திடலுக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவே வேலியும் இருந்தால் போதும், பள்ளியின் சாவிக்கொத்தை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. நியூயார்க் நகரம் 1938லிருந்தே பூங்காத் துறையும் கல்வி வாரியமும் சேர்ந்து நடத்தும் விளையாட்டிடங்களைப் பள்ளிகளை ஒட்டி அமைத்தது. பள்ளி நேரத்தில் அவை மாணவர்களுக்கு, மற்ற நேரத்தில் தெருவுக்கு. 2007ல் அதே நகரம், வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் எல்லோருக்கும் ஒரு பூங்கா வேண்டும் என்று இலக்கு வைத்தபோது, புது நிலம் தேடி அலையாமல் பூட்டிக் கிடந்த பள்ளி முற்றங்களைச் சீர்செய்து திறக்கத் தொடங்கியது.

கட்டும்போதே ஊருக்கும் சேர்த்துக் கட்டலாம் என்று முதலில் உரக்கச் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் ஹென்றி மோரிஸ். கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கல்வி அதிகாரி. 1920களில் அந்தக் கிராமங்களிலிருந்து இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளி ஒரு மூலையில், நூலகம் ஒரு மூலையில், மன்றம் வேறெங்கோ என்று ஒவ்வொன்றும் போதிய பணமில்லாமல் தனித்தனியே நலிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் சேர்த்துக் கட்டினால் கிராமத்துக்கும் நல்ல கட்டடம் கிடைக்கும் என்று 1924ல் ஓர் அறிக்கை எழுதினார். மாவட்டத்தின் பணம் போதாமல் அறக்கட்டளைகளிடம் போய்க் கேட்டு வாங்கினார். 1930ல் சாஸ்டன் என்ற கிராமத்தில் முதல் வளாகம் திறந்தது. பகலில் பள்ளியின் பிரார்த்தனைக் கூடம், இரவில் ஊரின் நாடக மேடை. போருக்கு முன் இப்படி நான்கு கிராமங்களில் கட்டி முடித்தார்கள். நான்காவதான இம்பிங்டன் வளாகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர் வால்டர் க்ரோபியஸ், ஜெர்மனியில் பௌஹாஸ் கலைப்பள்ளியைத் தொடங்கிய அதே கட்டடக் கலைஞர். ஒரு கிராமத்துக்காக இவ்வளவு பெரிய ஆளைக் கூட்டிவந்த அந்தக் கல்வி அதிகாரியை நினைத்தால் மரியாதை வருகிறது.

இம்பிங்டனில் பெரியவர்களுக்கெனத் தனிப் பகுதியே உண்டு. இது சின்ன விஷயம் இல்லை. முழங்காலை மடக்கி ஐந்தாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து கூட்டம் கேட்ட பெற்றோர் யாருக்கும் இதன் அருமை தெரியும். பள்ளி தன் இடத்தில் பாதியைத் தருகிறது என்றால் வருகிறவர் மரியாதையோடு உட்காரவும் முடிய வேண்டும்.

நூலகத்தைப் பகிர்வது மைதானத்தைவிடச் சிக்கலானது. மைதானத்தில் நேரத்தைப் பிரித்துக்கொண்டால் வேலை முடிந்தது. நூலகத்தில் புத்தகம் யாருடையது, ஊழியர் யாருடையவர், எந்த மாதிரி புத்தகம் வாங்குவது, சத்தம் எவ்வளவு வரலாம் என்று கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். இவை அனைத்தையும் ஒரே இடத்தில் சந்தித்த ஊர் கலிபோர்னியாவின் சான் ஹோசே. சிலிக்கான் பள்ளத்தாக்கில் இருப்பதால் தமிழ்க் குடும்பங்கள் பல வாழும் ஊரும் கூட.

1990களில் அங்கே நகர நூலகத்துக்கும் இடம் போதவில்லை, மாநிலப் பல்கலைக்கழகத்தின் நூலகத்துக்கும் போதவில்லை. தனித்தனியே கட்ட இருவரிடமும் பணம் இல்லை. மேயரும் பல்கலைக்கழகத் தலைவரும் 1997ல் சேர்ந்தே ஒன்று கட்டலாம் என்று அறிவித்தார்கள். பேராசிரியர்களில் ஒரு பகுதியினர் கடுமையாக எதிர்த்தார்கள். ஆராய்ச்சிக்குத் தேவையான நூலை யாரோ வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டால் மாணவன் என்ன செய்வான், குழந்தைகளின் இரைச்சலில் யார் படிப்பது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விகள்தான். அவர்களை மட்டம் தட்டாமல் ஒப்பந்தத்திலும் கட்டட வரைபடத்திலும் பதில் எழுதினார்கள்.

அந்தக் கூட்டு நூலகம் மார்ட்டின் லூதர் கிங் நூலகம் என்ற பெயரில் 2003 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறந்தது. ஆன செலவு ஏறக்குறைய 17 கோடியே 75 லட்சம் டாலர்; மாநிலமும் நகரமும் பெரும்பங்கைப் போட்டன, மிச்சம் நன்கொடை. எட்டு மாடி. ஒரு வாசல் நகரத் தெருவைப் பார்த்திருக்கிறது, இன்னொன்று பல்கலைக்கழக வளாகத்துக்குள் திறக்கிறது. குழந்தைகள் பகுதியும் ஆள் நடமாட்டமும் கீழே; மாடி ஏற ஏற அமைதி, உச்சியில் ஆராய்ச்சி மாணவர்கள். பொதுநூலகம் தன் புத்தகங்களுக்குத் தூயி முறைப் பகுப்பு எண்ணை வைத்துக்கொண்டது. பல்கலைக்கழகம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் முறையை வைத்துக்கொண்டது. இரண்டையும் ஒன்றாக்கப் போயிருந்தால் லட்சக்கணக்கான புத்தகங்களுக்குப் புதிதாக எண் ஒட்டியே ஆண்டுகள் ஓடியிருக்கும். தேடும் பட்டியலை மட்டும் பொதுவாக்கினார்கள். ஊழியர்கள் அவரவர் முதலாளியிடமே சம்பளம் வாங்கிக்கொண்டு அருகருகே வேலை செய்தார்கள். நகரத்தில் குடியிருக்கும் ஒரு பள்ளி மாணவி தன் சாதாரண நூலக அட்டையைக் காட்டிப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் நூலை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பக்கத்திலேயே பல்கலைக்கழக மாணவர் தன் குழந்தைக்குப் படக்கதை எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே, 2004ல், ஆண்டின் சிறந்த நூலகம் என்ற அமெரிக்க விருது இரு நூலகங்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது.

எதை ஒன்றாக்குவது, எதைத் தனித்தனியே விட்டுவைப்பது என்று பார்த்துப் பார்த்து முடிவு செய்ததுதான் அங்கே நடந்த பெரிய வேலை. கட்டடமும் பட்டியலும் ஒன்று. ஊழியரும் புத்தகமும் தனி.

சிறிய ஊர்களுக்கு இன்னொரு மாதிரி இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் தனிப் பொதுநூலகம் கட்டுமளவு ஜனம் இல்லாத ஊர்களில், 1970களின் பிற்பகுதியிலிருந்து பள்ளி நூலகத்தையே ஊர் நூலகமாகவும் நடத்துகிறார்கள். மாநிலமும் உள்ளூர் மன்றமும் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த அனுபவத்திலிருந்து கிடைத்த எச்சரிக்கையைக் கவனிக்க வேண்டும். நூலகம் பள்ளிக்குள் ஆழமாகப் புதைந்திருந்தால் பெரியவர்கள் வர மாட்டார்கள். பள்ளி கேட்டைத் தாண்டி, வகுப்புகளைக் கடந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற பார்வைகளைச் சமாளித்துப் போய் ஒரு நாவல் எடுக்க யாருக்கும் மனம் வராது. தெருவிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும், தெருவிலிருந்தே நுழைய முடிய வேண்டும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நம் ஊரைப் பார்க்கலாம். பள்ளியைப் பொதுவுக்குத் திறக்கும் பழக்கம் தமிழ்நாட்டில் நன்றாகவே இருக்கிறது. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி பள்ளிக்கூடம்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் மாநகராட்சிப் பள்ளிகள் நிவாரண முகாம்களாயின. அப்போதெல்லாம் கேட் எப்படித் திறந்தது? மேலிருந்து எழுத்தில் உத்தரவு வந்தது, பொறுப்புக்கு ஓர் அதிகாரி வந்தார், செலவை வேறு துறை ஏற்றது. மில்வாக்கியிலும் கலிபோர்னியாவிலும் எழுதி வைத்தவற்றையே நாமும் அவசரத்துக்குச் செய்கிறோம். அதை அன்றாடத்துக்கும் செய்யச் சொல்லிக் கேட்பதுதான் பாக்கி.

பணத்திலும் நாம் முன்னோடிகள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனின் இடைவிடாத முயற்சியால் 1948ல் சென்னை மாகாணத்தில் பொதுநூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இதுவே முதல். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்து வருகிறது; இன்று சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. மில்வாக்கி மைதானத்துக்குச் செய்ததை நாம் நூலகத்துக்குச் செய்திருக்கிறோம். வசூலிக்கிற உள்ளாட்சிகள் அந்தத் தொகையை நூலக ஆணைக்குழுவுக்கு உரிய நேரத்தில் தராமல் நிலுவை சேர்ப்பது நெடுநாள் புகார். அதைச் சரிசெய்யாமல் புது நூலகம் பற்றிப் பேசுவது வீண். மைதானத்துக்கு அப்படியொரு சிறு நிதிகூட நம்மிடம் இல்லை. மாலைக் காவலர் ஒருவருக்கான சம்பளம், நாலு விளக்குக்கு மின்சாரம், கழிப்பறை துப்புரவு, சில்லறை ரிப்பேர் ஆகியவற்றுக்கு உள்ளாட்சியின் பட்ஜெட்டில் தனித் தலைப்பு வேண்டும். பள்ளியின் தலையில் இதைக் கட்டினால் அடுத்த ஆண்டே கேட் மூடிக்கொள்ளும்.

யார் யாரிடம் கையெழுத்து வாங்குவது என்பது பள்ளியைப் பொறுத்தது. சென்னை மாநகராட்சி தானே பள்ளிகளையும் நடத்துகிறது, பூங்காக்களையும் திடல்களையும் பராமரிக்கிறது. அங்கே இது ஒரே அலுவலகத்தின் இரண்டு துறைகள் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். தாமதத்துக்குச் சாக்கே இல்லை. கல்வித் துறையின் நேரடிப் பள்ளி என்றால் துறையின் அனுமதியும் உள்ளாட்சியின் செலவுப் பொறுப்பும் தேவைப்படும். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோர், பாதிக்குக் குறையாமல் பெண்கள், உள்ளாட்சிப் பிரதிநிதியும் உண்டு. பள்ளிக்கும் ஊருக்கும் நடுவே நின்று பேச இதைவிடப் பொருத்தமான குழு வேறு கிடைக்காது.

கேட்டை வெறுமனே திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஊரிலுள்ள பெரிய பையன்களின் கிரிக்கெட் அணி மைதானம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் ஓரத்துக்குப் போவார்கள், பெண் பிள்ளைகள் வரவே மாட்டார்கள். அதனால் நேர அட்டவணை கேட்டிலேயே தொங்க வேண்டும். விடிகாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், மாலையில் முதல் ஒரு மணி நேரம் சிறுவர் சிறுமியர், வாரத்தில் சில மாலைகள் கபடிக்கும் கைப்பந்துக்கும் பெண்களுக்கு மட்டும் என்று பிரிக்கலாம். பெண்கள் வர வேண்டுமென்றால் விளக்கும் தாழ்ப்பாளுள்ள சுத்தமான கழிப்பறையும் பொறுப்பான ஒரு பெண் ஊழியரும் வேண்டும். இவை இல்லாத மைதானத்தைப் பொது மைதானம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பள்ளி நடக்கும் நேரத்தில் வெளியார் யாரும் உள்ளே வரக் கூடாது என்பதில் ஓர் இம்மியும் தளர்வு கூடாது. பிள்ளைகளின் பாதுகாப்பை வைத்துப் பேரம் பேச முடியாது.

நூலகத்துக்கு நான் சொல்வது கொஞ்சம் வேறு. காலையில் நாளிதழுக்கு வரும் பெரியவர்களும், நாள் முழுக்கக் குறிப்பெடுக்கும் டி.என்.பி.எஸ்.சி. இளைஞர்களும் நம் கிளை நூலகங்களின் முக்கிய வாசகர்கள். பள்ளி நேரம் முடியும்வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. வாடகைக் கட்டடத்தில் ஒண்டியிருக்கும் கிளை நூலகத்துக்குப் பள்ளி வளாகத்தின் ஓரத்தில் இடம் கொடுக்கலாம். தெருப்பக்கம் ஒரு வாசல் நாள் முழுக்கத் திறந்திருக்கட்டும். பள்ளிப்பக்கம் உள்ள கதவு, வகுப்பு ஆசிரியர் பிள்ளைகளோடு வரும் நேரத்துக்கு மட்டும் திறக்கட்டும். நூலக ஆணைக்குழுவுக்கு வாடகை மிச்சம், பள்ளிக்குப் பீரோவுக்குப் பதில் ஒரு நூலகர்.

உங்கள் ஊரில் இதைக் கேட்க நினைத்தால், கிராமம் என்றால் கிராம சபையில் கேட்கலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு நாள் கூடுகிறது. நகரம் என்றால் பகுதி சபையும் வார்டு உறுப்பினரும். பள்ளியை ஊருக்குத் திறக்க வேண்டும் என்று பொதுவாக எழுதிக் கொடுத்தால் ஃபைலில் போய்ச் சேரும். எந்தப் பள்ளி, அதில் எந்தப் பகுதி, எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, கேட்டைத் திறந்து பூட்டுபவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில், உடைந்தால் எத்தனை நாளுக்குள் யார் சரிசெய்வது என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மைதானத்தை மட்டும், ஆறு மாதத்துக்கு என்று கேளுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தையும் இணைத்துவிடுங்கள். ஆறு மாதம் முடிந்ததும் மின்கட்டண ரசீது, உடைந்ததும் சரிசெய்ததுமான பட்டியல், எந்த நேரத்தில் எத்தனை பேர், அதில் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்ற பதிவேடு ஆகியவற்றை அதே சபையில் வைத்துவிட்டு, அடுத்ததாக நூலக அறையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம்.